மேற்பரப்புப் புரதம் ஒன்று ரத்த அணுக்களின் வளர்ச்சியை வழிநடத்துகிறதா என்று ஆராய்வது எப்படி?

சிங்கப்பூரில் டெங்கி அதிகமாகப் பரவும் மாதங்களில், மருத்துவமனையில் இருப்பவரைப் பற்றி உறவினர்கள் தினமும் முதலில் விசாரிப்பது பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான். ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 150 பில்லியன் முதல் 400 பில்லியன் வரை இருக்க வேண்டிய இந்தத் தட்டணுக்களின் ஆயுள் 7 முதல் 10 நாள்தான். எனவே நோயற்ற உடலும் நாள்தோறும் சுமார் 100 பில்லியன் தட்டணுக்களைப் புதிதாக உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். டெங்கியில் எண்ணிக்கை இறங்குவதற்குக் காரணங்கள் வேறு. ஆனால், மற்ற நாள்களில் அது கூடாமலும் குறையாமலும் நிற்பதற்குப் பெரிதும் காரணமாக இருப்பது எம்பிஎல் என்ற ஒரு புரதம். அது எல்லா ரத்த அணுக்களுக்கும் மூலமான ரத்தக் குருத்தணுக்களின் மேற்பரப்பிலும், தட்டணுக்களை உதிர்க்கும் மெகாகேரியோசைட் அணுக்களின் மேற்பரப்பிலும், தட்டணுக்களின் மீதும் பதிந்திருக்கிறது. கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் வரும் த்ராம்போபொய்ட்டின் என்ற ஹார்மோனை அது பற்றிக்கொண்டு, அந்தச் செய்தியை அணுவுக்குள் அனுப்புகிறது.

இத்தகைய புரதம் ஒன்றைப் பற்றி, “இது ரத்த அணுக்களின் வளர்ச்சியை வழிநடத்துகிறது” என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்லும்போது, அதை எந்த வரிசையில் கேள்வி கேட்டுச் சோதிப்பது என்பதையே இங்கு விளக்குகிறேன். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிப்பவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவம் பயில்பவர்கள், பல்கலைக்கழகத்தில் முதல் ஆய்வுத் திட்டத்தைக் கையில் எடுப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எம்பிஎல் புரதத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். எந்தப் புரதத்தை ஆராய்ந்தாலும் இதே வரிசை பொருந்தும்.

முதலில் கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

“வழிநடத்துகிறது”, “தாக்கம் செலுத்துகிறது” போன்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டால் எந்தச் சோதனையும் அதை மெய்ப்பிக்காது, பொய்ப்பிக்கவும் செய்யாது. ஒரு புரதம் அணுவை உயிரோடு வைத்திருக்கலாம். எந்த வகை அணுவாக மாறுவது என்ற முடிவை எடுக்க வைக்கலாம். அணுவை எலும்பு மஜ்ஜையிலேயே தங்க வைக்கலாம். அல்லது வெறும் அடையாளமாக மட்டும் இருக்கலாம். இந்த நான்கும் வெவ்வேறு கூற்றுகள்.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் மேற்பரப்புப் புரதத்தை, அதாவது அதன் ஏற்பியை, எடுத்துக்கொள்வோம். அந்த ஏற்பி இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிக் கருக்கள் கடும் ரத்தசோகையால் 13ஆம் நாள் வாக்கில் இறந்துவிடுகின்றன. இதை மட்டும் படித்தவர், சிவப்பணுவாக மாறும்படி குருத்தணுவுக்குக் கட்டளையிடுவது இந்த ஏற்பிதான் என்று முடிவு கட்டிவிடக்கூடும். ஆனால், கருவில் ரத்தம் உருவாகும் இடமான கல்லீரலைப் பிரித்துப் பார்த்தபோது, சிவப்பணுப் பாதையில் ஏற்கெனவே அடியெடுத்து வைத்துவிட்ட முன்னோடி அணுக்கள் அங்கே இருந்தன. அவை பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டன. முதிர்ந்து பிழைப்பதற்குத்தான் அவற்றுக்கு அந்த ஏற்பி தேவைப்பட்டது. இதற்கு மாறாக, நாட்ச்1 என்ற மேற்பரப்புப் புரதத்தை மஜ்ஜை அணுக்களிலிருந்து நீக்கிய 1999ஆம் ஆண்டு ஆய்வில், தைமஸ் சுரப்பியில் டி அணுக்கள் உருவாகவில்லை; அவை உருவாக வேண்டிய அதே இடத்தில் பி அணுக்கள் தோன்றின. பாதையைத் தேர்ந்தெடுக்க வைக்கும் புரதம் என்று சொல்லத் தகுந்தது இதுதான். அணுவை மஜ்ஜையில் தங்க வைக்கும் மூன்றாவது வகைக்கு சிஎக்ஸ்சிஆர்4 என்ற மேற்பரப்புப் புரதம் பொருத்தமான எடுத்துக்காட்டு: அதைத் தடுக்கும் பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்தைக் கொடுத்தால் சில மணி நேரத்தில் குருத்தணுக்கள் மஜ்ஜையை விட்டு ரத்தத்துக்குள் வந்துவிடுகின்றன. 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்தைக் கொண்டு, குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்கு வேண்டிய அணுக்களைக் கையிலுள்ள ரத்த நாளத்திலிருந்தே சேகரிக்கிறார்கள்.

ஆகவே கட்டுரையைக் கையில் எடுத்ததும், இந்த நான்கில் எதை அது சொல்ல வருகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், கட்டுரையின் ஆசிரியர்களே அதைத் தீர்மானிக்கவில்லை என்று பொருளாகலாம்.

புரதம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

அணுவின் மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று காண உதவும் முதன்மைக் கருவி ஃப்ளோ சைட்டோமீட்டர். மஜ்ஜை அணுக்களை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை இணைத்துச் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து, பின்பு கழுவி, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்குக் குறுக்கே ஓட விடுவார்கள். திரையில் ஒவ்வோர் அணுவும் ஒரு புள்ளியாக விழும். ஒளி கூடியவை ஒரு பக்கம், குறைந்தவை மறுபக்கம். கட்டுரைகளில் கட்டம் கட்டி, அதற்குள் ஒரு விழுக்காட்டை எழுதியிருக்கும் படம் இதுதான்.

அந்தக் கட்டத்தை எங்கே வரைந்தார்கள் என்பதில்தான் பாதி உண்மை அடங்கியிருக்கிறது. எல்லாச் சாயங்களையும் சேர்த்து, ஆராயப்படும் புரதத்துக்கான சாயத்தை மட்டும் விட்டுவிட்ட ஒப்பீட்டு மாதிரி ஒன்று இருக்க வேண்டும். அந்த மாதிரியில் புள்ளிகள் விழும் எல்லைக்கு அப்பால் கோடு வரையப்பட்டிருந்தால் நம்பலாம். இறந்த அணுக்கள் எந்த ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், அவற்றை விலக்க உயிர்ப்புச் சாயம் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு அணுக்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பதிவாவதும் உண்டு. அதையும் கழித்திருக்க வேண்டும். நெடுங்காலக் குருத்தணுக்கள் மஜ்ஜையில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவானவை. ஆகவே அவற்றைப் பற்றிப் பேசும் படத்துக்குப் பல லட்சம் அணுக்களையாவது ஓட விட்டிருக்க வேண்டும்; சில ஆயிரம் அணுக்களை மட்டும் பதிவு செய்துவிட்டுக் குருத்தணுவைப் பற்றிப் பேசும் படம் எதையும் நிறுவாது.

திசுவிலிருந்து அணுக்களைப் பிரிக்க டிரிப்சின் போன்ற நொதியைப் பயன்படுத்தினால், அது சில மேற்பரப்புப் புரதங்களையே வெட்டிவிடும். அறை வெப்பநிலையில் விட்டால், ஆன்டிபாடி பிடித்த ஏற்பியை அணு உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த இரண்டாலும், இருக்கிற புரதம் இல்லாததுபோலத் தெரியும். எம்பிஎல் விஷயத்தில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. ஒரு தட்டணுவின் மீது அந்த ஏற்பி நூறளவிலோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கிறது. சாயம் மங்கலாகவே தெரியும். மங்கலாகத் தெரிவதை “இல்லை” என்று எழுதிவிட்டால், தட்டணு உற்பத்தியின் மையப் புரதத்தையே தவறவிட்டவர்களாவோம்.

இதன் மறுபக்கத்தைச் சொல்வது சிடி34 என்ற மேற்பரப்புப் புரதம். 1984இல் கர்ட் சிவினும் அவருடைய குழுவினரும் ரத்தப் புற்றுநோய் அணுவழி (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் அணுத்தொகுதி) ஒன்றைக் கொண்டு உருவாக்கிய ஆன்டிபாடி, மஜ்ஜையிலுள்ள முன்னோடி அணுக்களைச் சிறப்பாகப் பொறுக்கி எடுத்தது. அன்று முதல் அந்தப் புரதம் மாற்றுச் சிகிச்சையின் அன்றாட அளவீடாகிவிட்டது: நோயாளியின் எடையில் ஒரு கிலோகிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 அணுக்களாவது வேண்டும் என்று மருத்துவர்கள் எதிர்பார்ப்பார்கள். இவ்வளவு முக்கியமான அடையாளம், அணுவின் வளர்ச்சிக்கும் அவ்வளவு முக்கியமானதாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1996இல் அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் நன்றாக வளர்ந்தன. முன்னோடி அணுக்கள் குறைந்திருந்தாலும், ரத்தத்தில் ஓடும் அணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே இருந்தது. ஒரு புரதம் ஓர் அணுவில் இருக்கிறது என்பது அந்த அணு எது என்று நமக்குக் காட்டும். அணு அதைக்கொண்டு என்ன செய்கிறது என்று அறிய அடுத்த படிக்குப் போக வேண்டும்.

நீக்கிப் பாருங்கள், பிறகு அணுக்களுக்கு நெருக்கடி கொடுங்கள்

எம்பிஎல் மரபணு இல்லாத சுண்டெலிகளைப் பற்றிய முதல் அறிக்கை 1994இல் வந்தது. தட்டணுக்கள் சுமார் 85 விழுக்காடு குறைந்திருந்தன. மெகாகேரியோசைட்டுகளும் அதே அளவுக்குக் குறைந்திருந்தன. வெள்ளணுக்களும் சிவப்பணுக்களும் இயல்பான எண்ணிக்கையில் இருந்தன. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால், எம்பிஎல் தட்டணுவுக்கு மட்டுமே உரிய ஏற்பி என்பதே பாடப்புத்தகத்தில் நிலைத்திருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில், இந்தச் சுண்டெலிகளில் எல்லா வகை முன்னோடி அணுக்களுமே குறைந்திருந்ததும், அவற்றின் குருத்தணுக்களை வேறு சுண்டெலிகளுக்குள் செலுத்தியபோது அவை இயல்பான குருத்தணுக்களோடு போட்டியிட முடியாமல் பின்தங்கியதும் தெரியவந்தன. மேலோட்டமான ரத்தப் பரிசோதனை சொல்லாத உண்மையை மஜ்ஜை மாற்றுச் சோதனை சொன்னது.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனையும் இதுதான். ஏனென்றால் குருத்தணுவை அதன் தோற்றத்தால் அல்லாமல் அதன் செயலால் அடையாளம் காட்டுவது இது ஒன்றுதான். செய்முறை இப்படி: சிடி45 என்ற புரதம் எல்லா வெள்ளணுக்களின் மேலும் உண்டு, ஆய்வகச் சுண்டெலிகளில் அதற்கு இரண்டு சிறு வேறுபாடுகள் உள்ளன. மரபணு நீக்கிய சுண்டெலியின் மஜ்ஜையையும், இயல்பான சுண்டெலியின் மஜ்ஜையையும் சம அளவில் கலந்து, கதிர்வீச்சால் சொந்த மஜ்ஜை அழிக்கப்பட்ட மூன்றாவது சுண்டெலிக்குச் செலுத்துவார்கள். ஒரு தரப்பு அணுக்கள் சிடி45இன் ஒரு வேறுபாட்டையும் மறுதரப்பு மற்றதையும் ஏந்தியிருப்பதால், பின்னர் ஒரு துளி ரத்தத்திலிருந்தே யாருடைய வாரிசுகள் எத்தனை என்று எண்ணிவிடலாம். நான்காவது வாரத்தில் எண்ணினால் குறுகிய கால முன்னோடி அணுக்களின் வாரிசுகளே பெரும்பாலும் தெரியும். 16 வாரங்களாவது காத்திருந்து எண்ணிய முடிவையே குருத்தணுவின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுண்டெலியின் மஜ்ஜையை இன்னொன்றுக்குச் செலுத்தி மீண்டும் எண்ணியிருந்தால் சான்று மேலும் வலுப்படும். டி அணு, பி அணு, நியூட்ரோஃபில் ஆகிய மூன்றையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மொத்த விழுக்காட்டை மட்டும் கொடுத்திருந்தால், நெடுநாள் வாழும் டி அணுக்கள் மற்ற வகைகளின் வீழ்ச்சியை மறைத்துவிடக்கூடும்.

மரபணுவை நீக்கினால் சுண்டெலி கருவிலேயே இறந்துவிடும் என்றால், அது வளர்ந்த பிறகு அந்த மரபணுவை நீக்கும் முறை ஒன்று உண்டு. மிகுதியாகப் பயன்படும் முறையில், வைரஸ் தொற்றுக்கு எதிராக உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானைத் தூண்டும் ஒரு பொருளை ஊசி மூலம் செலுத்தி நீக்கத்தைத் தொடங்கி வைக்கிறார்கள். உறங்கும் குருத்தணுக்களை இன்டர்ஃபெரானே எழுப்பிவிடும் என்பது 2009இல் வெளியான ஆய்வால் தெளிவானது. எனவே ஒப்பீட்டுச் சுண்டெலிகளுக்கும் அதே ஊசி போடப்பட்டதா, அதற்குப் பிறகு சில வாரங்கள் காத்திருந்தார்களா என்ற இரண்டையும் செய்முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள்.

குறை விதையிலா, மண்ணிலா?

ஒரு மரபணுவை உடல் முழுவதும் நீக்கினால் ரத்த அணுவிலும் அது போகும். அந்த அணு தங்கியிருக்கும் எலும்பு, ரத்த நாளம், கல்லீரல் ஆகியவற்றிலும் போகும். பயிர் வாடினால் விதையைக் குறை சொல்வதா, மண்ணைக் குறை சொல்வதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. அதற்கு விடை காணும் முறை, மூலக்கூறு உயிரியல் வளர்வதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் எலிசபெத் ரசல் போன்றோரின் உழைப்பால் உருவானது.

அங்கே இரண்டு வகைச் சுண்டெலிகள் இருந்தன. ஒன்று வெண்புள்ளி வகை, மற்றொன்று ஸ்டீல் வகை. இரண்டுக்கும் ரத்தசோகை, தோல் நிறமின்மை, மலட்டுத்தன்மை எனக் குறைகள் ஒரே மாதிரி இருந்தன. இயல்பான சுண்டெலியின் மஜ்ஜையை வெண்புள்ளி வகைக்குச் செலுத்தினால் ரத்தசோகை தீர்ந்தது. ஸ்டீல் வகைக்குச் செலுத்தினால் தீரவில்லை. ஆனால் அந்த ஸ்டீல் வகையின் மஜ்ஜையை எடுத்து வெண்புள்ளி வகைக்குச் செலுத்தியபோது அது நன்றாகவே வேலை செய்தது! ஆக, முதல் வகையின் குறை ரத்த அணுவுக்குள். இரண்டாம் வகையின் குறை அணு வாழும் இடத்தில். 1988இல் வெண்புள்ளி வகையில் பழுதானது கிட் என்ற மேற்பரப்பு ஏற்பி என்றும், 1990இல் ஸ்டீல் வகையில் பழுதானது அந்த ஏற்பியில் வந்து பொருந்தும் புரதம் என்றும் தெரியவந்தபோது, அந்தப் பழைய மஜ்ஜை மாற்றங்கள் காட்டிய விடை எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

எம்பிஎல் புரதத்தின் கதையில் இதே விடை மனிதக் குழந்தைகளின் உயிரோடு தொடர்புடையதாகிறது. எம்பிஎல் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே தட்டணுக்கள் மிகக் குறைவாக இருக்கும்; சில ஆண்டுகளில் மஜ்ஜை முழுவதுமே சோர்ந்து போகும். அவர்களுக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை பயனளிக்கிறது; ஏனென்றால் குறை குருத்தணுவின் மேற்பரப்பில் இருக்கிறது. மிக அரிதாக, எம்பிஎல் நலமாக இருந்து, த்ராம்போபொய்ட்டின் மரபணு பழுதானாலும் ஏறக்குறைய இதே நோய் தோன்றுகிறது. அந்த ஹார்மோன் முதன்மையாகக் கல்லீரலில் உருவாவது. பிறருடைய குருத்தணுக்களைக் கொடுத்தாலும் அது வராது. அத்தகைய நோயாளிகளிடம் மாற்றுச் சிகிச்சை தோற்றிருக்கிறது. ஏற்பியைத் தூண்டும் ரோமிப்ளோஸ்டிம் ஊசி பலன் தந்திருக்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தாலே வேறுபாட்டுக்குக் குறிப்பு கிடைக்கும்: ஏற்பி பழுதானவர்களிடம் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாததால் ஹார்மோன் மிக உயர்ந்து நிற்கும். எந்தக் கட்டுரையிலும் இந்தப் படி விடுபட்டிருந்தால், மீதியை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் அதன் முடிவைப் பாதி முடிவாகவே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்தக் கட்டத்தில் என்று பிரியுங்கள்

ஒரே புரதம் பாதையின் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் வேறொன்றும் செய்யலாம். 2014இல் மெல்பர்னிலிருந்து வெளியான ஆய்வு ஒன்றில், குருத்தணுக்களில் எம்பிஎல் புரதத்தை விட்டுவைத்து, மெகாகேரியோசைட்டுகளிலும் தட்டணுக்களிலும் மட்டும் அதை நீக்கினார்கள். தட்டணுக்கள் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவை இயல்பைவிடப் பன்மடங்கு பெருகின.

காரணம் இதுதான். கல்லீரல் ஏறக்குறைய ஒரே சீராக ஹார்மோனைச் சுரக்கிறது. தட்டணுக்கள் தங்கள் மேலுள்ள எம்பிஎல் மூலம் அதைப் பிடித்து உள்ளிழுத்து அழிக்கின்றன. தட்டணுக்கள் மிகுந்தால் ஹார்மோன் குறையும். அவை குறைந்தால் ஹார்மோன் மிகும். இந்தப் பிடிப்பை நீக்கியதும், மிஞ்சிய ஹார்மோன் முழுவதும் குருத்தணுக்களையும் முன்னோடி அணுக்களையும் தூண்டியது. குருத்தணுவின் மேல் இருக்கும்போது உற்பத்தியைத் தூண்டும் அதே ஏற்பி, தட்டணுவின் மேல் இருக்கும்போது உற்பத்தியை அடக்குகிறது. உடல் முழுவதும் நீக்கிய 1994ஆம் ஆண்டின் சுண்டெலியில் இந்த இரண்டாவது வேலையைக் காணவே வழியில்லை. எனவே எந்த அணு வகையில் நீக்கினார்கள், அந்த வகையில் மட்டும்தான் நீங்கியதா என்று கேட்டு, அதற்கான சான்றுப் படத்தையும் தேடுங்கள்.

எதிர்த்திசையிலும் சோதியுங்கள்

நீக்கினால் குறைவது, கூட்டினால் மிக வேண்டும். எம்பிஎல் புரதத்துக்குச் சொந்தமாக நொதித்திறன் இல்லை. அணுவுக்குள் நீளும் அதன் வாலில் ஜாக்2 என்ற நொதி ஒட்டியிருக்கிறது. ஹார்மோன் வந்து பொருந்தியதும் இரண்டு ஏற்பிகளின் ஜாக்2 நொதிகள் ஒன்றையொன்று முடுக்கிவிட்டு, ஸ்டாட்5 முதலிய புரதங்கள் வழியே மரபணுக்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. 2006இல் மஜ்ஜை நாராகும் நோயுள்ள சிலரிடம், எம்பிஎல் புரதத்தின் 515ஆம் அமினோ அமிலமான டிரிப்டோஃபான் லியூசினாக மாறியிருப்பது கண்டறியப்பட்டது. அந்த ஒரு மாற்றத்தால் ஏற்பி ஹார்மோன் இல்லாமலே இயங்குகிறது. 2013இல் இன்னொரு வழியும் வெளிப்பட்டது: இயல்பாக அணுவுக்குள் இருக்கும் கால்ரெடிகுலின் என்ற புரதத்தில் பிறழ்வு உள்ள நோயாளிகள் இருப்பது அந்த ஆண்டு தெரிந்தது, பிறழ்ந்த அந்தப் புரதம் எம்பிஎல் புரதத்தோடு பிணைந்து அதை ஓயாமல் இயக்குகிறது என்பது தொடர்ந்து வந்த ஆய்வுகளால் புலப்பட்டது.

மாணவர் ஆய்வகத்திலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன். பிஏ/எஃப்3 என்பது இன்டர்லியூகின்-3 என்ற வளர்ச்சிக் காரணி இல்லாவிட்டால் இறந்துவிடும் சுண்டெலி அணுவழி. அதில் ஒரு பகுதிக்கு வெற்று மரபணுக் கடத்தியையும், மற்றொரு பகுதிக்கு இயல்பான எம்பிஎல் மரபணுவையும், மூன்றாவதற்கு 515இல் மாறிய வடிவத்தையும் செலுத்துங்கள். நான்காவது பகுதியாக, ஜாக்2 ஒட்டும் இடம் சிதைக்கப்பட்ட எம்பிஎல் வடிவத்தையும் சேர்த்தால் நல்லது. ஃப்ளோ சைட்டோமீட்டரில் எல்லா வடிவங்களும் மேற்பரப்பில் ஒத்த அளவில் வந்திருக்கின்றனவா என்று உறுதி செய்த பிறகு, இன்டர்லியூகின்-3 மிச்சமில்லாமல் அணுக்களை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு பகுதியையும் இன்டர்லியூகின்-3 உள்ள குழி, த்ராம்போபொய்ட்டின் உள்ள குழி, எதுவும் இல்லாத குழி எனப் பிரித்து வையுங்கள். இறந்த அணுக்களை மட்டும் நிறமேற்றும் டிரிப்பன் நீலம் சேர்த்து உயிருள்ள அணுக்களை நாள்தோறும் எண்ணுங்கள். இயல்பான எம்பிஎல் உள்ளவை த்ராம்போபொய்ட்டினில் வளரும். மாறிய வடிவம் உள்ளவை எதுவும் இல்லாத குழியிலும் வளரும். ஜாக்2 ஒட்டாத வடிவம் இன்டர்லியூகின்-3 உள்ள குழியில் மட்டுமே பிழைக்கும். கழுவுவதில் சிக்கனம் பிடித்தால் வெற்றுக் கடத்தி உள்ளவைகூட முதல் நாளில் வளர்வதுபோலத் தோன்றும். அணுக்களை இன்டர்லியூகின்-3 குறைவாக உள்ள ஊடகத்தில் நெடுநாள் வைத்திருந்தால், சில தாமாகவே அதைச் சாராமல் வாழப் பழகிவிடுவதும் உண்டு. ஆகவே உறையவைத்த பழைய தொகுதியிலிருந்து புதிதாக எடுத்துத் தொடங்குங்கள். இந்தச் சோதனை நிறுவுவது ஏற்பியின் சமிக்ஞைத் திறனை மட்டுமே. அணு முதிர்ந்து தட்டணுவாகும் கதையை இந்த அணுவழியால் சொல்ல முடியாது.

சுண்டெலியில் கண்டதை மனிதருக்குப் பொருத்தும் முன்

மனிதரில் குருத்தணுக்களின் அடையாளமான சிடி34, வளர்ந்த சுண்டெலியின் நெடுங்காலக் குருத்தணுக்களில் இல்லை அல்லது மிகக் குறைவு. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அத்தகைய ஒற்றை அணுவைச் செலுத்தியே ஒரு சுண்டெலியின் ரத்த மண்டலத்தை நெடுங்காலம் மீட்டுக் காட்டினார்கள். சுண்டெலிக் குருத்தணுவை அடையாளம் காணப் பயன்படும் ஸ்கா-1 புரதம் மனிதக் குருத்தணுக்களை அடையாளம் காண உதவுவதில்லை. எம்பிஎல் புரதத்தைத் தூண்டும் எல்ட்ரோம்போபேக் மாத்திரை, மனித ஏற்பியின் சவ்வுப் பகுதியில் 499ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடினைச் சார்ந்து வேலை செய்கிறது. சுண்டெலி ஏற்பியில் அந்த இடத்தில் லியூசின் இருப்பதால் மருந்து அதனிடம் பலிக்காது. சுண்டெலியில் மட்டும் சோதித்திருந்தால், கடும் மஜ்ஜைச் செயலிழப்புள்ள நோயாளிகளுக்கு இன்று கொடுக்கப்படும் இந்த மருந்து பயனற்றது என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

இயற்கையே மனிதரிடம் செய்துவைத்த சோதனைகளைத் தேடுவது இதற்கு நல்ல மாற்று. பின்லாந்தின் ஈரோ மேன்டிரான்டா 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றவர். அவருடைய குடும்பத்தில் எரித்ரோபொய்ட்டின் ஏற்பியின் வால் பகுதி குட்டையாகிப்போயிருந்தது என்பது 1993இல் தெரிந்தது. சமிக்ஞையை அணைக்கும் பகுதி இல்லாததால் சிவப்பணுக்கள் இயல்பைவிட மிகுதியாக உருவாயின. கருவிலேயே இறந்த சுண்டெலிகள் காட்டியதற்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து, அதே ஏற்பியின் பங்கு மனிதரிடம் உறுதியானது.

சிங்கப்பூரில் தொடங்குவோருக்கு

மனித ரத்தத்தையோ தொப்புள்கொடி ரத்தத்தையோ பயன்படுத்தும் ஆய்வு, 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம். அதற்குக் கொடையாளரின் ஒப்புதலும் நெறிக்குழுவின் ஆய்வும் வேண்டும். விலங்கு ஆய்வுக்கு நிறுவனத்தின் விலங்கு நலக்குழுவிடம் அனுமதி பெற வேண்டும். ஆசிரியரிடம் இவற்றை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்தில் அணுவழிச் சோதனைகளையும் பொதுத் தரவுகளையும் கொண்டு தொடங்கலாம். மனிதப் புரத அட்லஸ் போன்ற இலவசத் தரவுத்தளத்தில் உங்கள் புரதம் எந்த ரத்த அணுவில் வெளிப்படுகிறது என்று பார்க்கலாம். அங்கே காணும் பல எண்கள் ஆர்என்ஏ அளவைக் குறிப்பவை. ஆர்என்ஏ இருந்தும் புரதம் மேற்பரப்புக்கு வந்து சேராமல் போகலாம். எனவே ஆன்டிபாடியால் உறுதி செய்யும் வரை அதை ஒரு குறிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையின் கடைசி வாக்கியத்தை எழுதும்போது, சோதனை எந்த உயிரியில், எந்த அணுவில், எந்தக் கட்டத்தில் நடந்தது என்பதை அந்த வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். “எம்பிஎல் ரத்த அணுக்களின் வளர்ச்சியில் தாக்கம் செலுத்துகிறது” என்று எழுதாதீர்கள். “பிஏ/எஃப்3 அணுக்களில், 515ஆம் இடத்தில் மாறிய எம்பிஎல், த்ராம்போபொய்ட்டின் இல்லாமலே அணுப் பெருக்கத்தைத் தாங்கியது, ஜாக்2 ஒட்டும் இடம் சிதைந்த வடிவம் த்ராம்போபொய்ட்டின் இருந்தும் தாங்கவில்லை” என்று எழுதுங்கள். நீளமாக இருந்தாலும், அடுத்து அதைப் படிப்பவர் எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று அந்த வாக்கியத்திலிருந்தே தெரிந்துகொள்வார்.